பதினான்காம் விதி

என் அண்ணன் பெர்னார்ட் எங்கள் வீட்டில் கடைசியாகக் கேட்டது ஒரு சட்டைப் பொத்தான். 1943 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது. நீல நூலில் தைத்துக் கொடுத்தேன். யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லிப் போட்டுக்கொண்டான். மறுநாள் முதல் பூசை முடிந்து நான் வந்தபோது ஒரு சப் இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வீட்டுக்குள் இருந்தார்கள். குனிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கட்டிலுக்கு அடியில்.

சப் இன்ஸ்பெக்டர் மரியாதையானவர். இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி காரணம் சொல்லாமலே ஒருவரைக் காவலில் வைக்கலாம் என்று விளக்கிவிட்டு, நான் டீச்சர் என்பதால் காரணத்தையும் சொன்னார். பெர்னார்ட் எழுதிய ஒரு கடிதம் தணிக்கையில் பிடிபட்டிருக்கிறது. அதில் இருந்தது இவ்வளவுதான்: ஆறு பத்துக்கு எட்டு. ஒன்பதுக்கு ஐந்து. பதினொன்று நாற்பதுக்கு இரண்டு. ஒன்று இல்லை.

பெர்னார்ட் ராணுவத் துணிக் கிடங்கில் குமாஸ்தா. கிடங்கு ஜன்னலிலிருந்து பார்த்தால் விமானத் தளம் தெரியும். எட்டு விமானம் கிளம்பி ஏழு திரும்பியதை எதிரிக்கு எழுதியிருக்கிறான் என்பது போலீஸின் கணக்கு. அந்த ஜன்னலை ஒரு வருஷத்துக்கு முன்பே ஆணியடித்து மூடிவிட்டார்கள் என்று சொன்னேன். ஜன்னல் மூடியிருக்கும் விஷயம் வீட்டாருக்கும் தெரிந்திருக்கிறது என்று அதையும் எழுதிக்கொண்டார்.

எட்டு என்றால் எது எட்டு என்று அவர் கேட்டபோது, அது தன் சொந்த விஷயம் என்று கட்டில் பக்கம் நின்ற பெர்னார்ட் சொன்னான். அப்படி ஒரு பதிலுக்கு அவருடைய தாளில் கட்டம் இல்லை. புதன்கிழமை மூன்று பேர் கொண்ட கமிட்டி விசாரிக்கும், திருப்தியில்லையென்றால் வெளியூர் காம்ப் ஜெயில் என்றார். பெர்னார்டுக்கு இரண்டு தடவை நிமோனியா வந்திருக்கிறது. மூன்றாவது வரவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சப் இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டு பெர்னார்டைக் கூட்டிக்கொண்டு போனார்.

ரெமிஜியஸ் மாமா பத்து மணிக்கு வந்தார். அப்பாவின் சிநேகிதர். ரயிலில் தபால் பிரிக்கும் வேலையில் முப்பது வருஷம் நின்றவர், அதனால் உட்கார்ந்தால் அவருக்கு யோசனை ஓடாது. எங்கள் பேட்டையான மர்பி டவுனில் கோழி காணாமல் போனாலும் மாப்பிள்ளை காணாமல் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூட நான் போவேன். ஒத்தாசைக்கு என்று அவர் சொல்லுவார். வாய்க்கு என்று தெரு சொல்லும்.

பெர்னார்டின் கோட்டுப் பையில் கைவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஏழெட்டுக் கம்பு மணிகள்.

"தெனம் காலைல எங்க போவான்?"

"ஆறு மணிப் பூசைக்கு."

"பூசைக்குக் கம்பு எடுத்துனு போறவனை இப்பத்தான் பாக்கறேன்."

"காணிக்கையா இருக்கும் மாமா. ஊர்ல சில்லறைத் தட்டுப்பாடு."

மேஜை இழுப்பறையில் எழுதிய தாள் ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் போலீஸ் கொண்டுபோயிருந்தது. நான்கு காலிக் கவர்களை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கவருக்குள் ஒன்றும் இல்லையென்றால் மேலே இருப்பதைப் படிக்க வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும். நான்கிலும் ஒரே விலாசம்: சேஷகிரி, எட்டாவது கிராஸ், மல்லேஸ்வரம். மூலையில் ஏதோ கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் அச்சடித்திருந்தது.

மாமா கவர்களை வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்து பெர்னார்டுடையது அல்ல.

"இத எழுதினவன் சேஷகிரியேதான்" என்றார். "அடுத்தவன் விலாசத்தை எழுதறவன் பாத்துப் பாத்து எழுதுவான். சொந்த விலாசத்தை எழுதறவன் கையெழுத்துப் போடற மாதிரி இழுத்துடுவான். இந்த 'மல்லேஸ்வரம்' பாரு, ரெண்டு எழுத்துக்கு மேல ஒண்ணும் தெரியல. சங்கத்துக் கவர்ல தனக்குத்தானே விலாசம் எழுதிக் குடுக்கற ஆளு யாருக்குப் பயப்படுவான்?"

"சர்க்காருக்கு."

"சர்க்காருக்குப் பயந்தா எழுதவே மாட்டான். வீட்டுக்குப் பயப்படறான்."

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் ஏழு மாதம் நானே தணிக்கையில் வேலை பார்த்தேன். அந்த ஆபீசுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பிரித்த கடிதத்தை லேபிள் வைத்து ஒட்டி அனுப்புவதால் கன்டோன்மென்ட் முழுக்க அதை ஒட்டு ஆபீஸ் என்றே சொல்லும். தமிழ்க் கடிதங்கள் என் பங்கு. யுத்தத்துக்குத் தேவையான வேலை என்று நம்பித்தான் சேர்ந்தேன், இன்றும் அதில் பாதியை நம்புகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன் பெஞ்சுக்காரியின் புருஷன் யாருக்குக் கடிதம் எழுதுகிறான் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் திரும்பிச் சிரித்தால் நான் ஜெபப் புத்தகத்தைப் புரட்டுவேன். வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை லீவு போட்டு மாமாவுடன் மல்லேஸ்வரம் போனேன். சேஷகிரி, மைசூர் மகாராஜாவின் சர்க்காரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், விபூதி, வெள்ளை வேட்டி, அகலமான மார்பு. பெர்னார்ட் என்று யாரையும் தனக்குத் தெரியாது என்றார். கன்டோன்மென்ட் பக்கம் போயே பத்து வருஷம் இருக்கும் என்றார். மாமா பாக்கெட்டிலிருந்து கம்பு மணிகளை எடுத்து ஒவ்வொன்றாகக் காப்பி டபராவின் பக்கத்தில் வைத்தார். நாலாவது மணிக்கு சேஷகிரியின் பார்வை சமையல் உள்ளின் கதவுக்குப் போனது.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"புறாவுக்குன்னு சொல்லிடுங்கோன்னா. பாவம், அவா தூரத்துலேர்ந்து வந்திருக்கா."

சேஷகிரியின் மனைவி பாகீரதி வெளியே வந்து எங்களுக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். பிறகு எல்லாம் வந்தது. டென்சில் என்ற பேக்கரிக்காரரின் மொட்டை மாடியில் எட்டுப் புறாக்கள், பெர்னார்டும் சேஷகிரியும் பாதிப் பாதி. காலை ஆறு பத்துக்குப் பறக்கவிட்டு, எது எத்தனை மணி நேரம் மேலேயே நிற்கிறது என்று பார்ப்பது பந்தயம். ஒன்பதுக்கும் மேலே நின்றவை ஐந்து, பதினொன்று நாற்பதுக்கு இரண்டு, ஒன்று திரும்பவே இல்லை. உயிருள்ளதைக் கூண்டில் அடைப்பது மகாபாவம் என்பது பாகீரதியின் கட்சி, அதனால் சேஷகிரி வீட்டில் சொல்லவில்லை. வாராவாரம் பெர்னார்ட் கணக்கு எழுதி அனுப்புவான். சேஷகிரி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கடிதத்தில் புறா என்ற சொல் வரவே கூடாது. பெர்னார்ட் அதை வேதவாக்காக வைத்துக்கொண்டு, கைவிலங்குடன் நின்ற போலீஸிடமும் சொல்லாமல் இருந்துவிட்டான்.

"ரெண்டு வருஷமா தெரியும்" என்றாள் பாகீரதி. "சங்கத்துலேர்ந்து வாராவாரம் யாருக்குக் கடுதாசி வரும்? இட்லிப் பானை ஆவில காமிச்சா கவர் தானா வாயத் தொறக்கும். ஒட்டு ஆபீஸ் வந்தப்பறம் ரொம்ப சௌகரியமாப் போச்சு. கிழிஞ்சாக்கூட கவர்ன்மென்ட் தலையில போட்டுடலாம்."

சேஷகிரி மனைவியைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இரண்டு வருஷம் பயந்தது வீண் என்ற கணக்கு மட்டும் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார், அந்தப் பார்வையில் வேறு கணக்கு இருந்தது. அந்தப் பிள்ளையாண்டான் தன் பொருட்டு வாயைத் திறக்கவில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். புதன்கிழமை தானே வந்து சொல்வதாகச் சொல்லித் தலைப்பாகை எங்கே என்று மனைவியிடம் கேட்டார்.

பாகீரதி அந்தக் கடைசிக் கடிதத்தின் கவரை அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நகல் எடுத்துக்கொண்டு அசலை ஒழுங்காக அனுப்பிவிடுவது ஒட்டு ஆபீசின் வழக்கம். பஸ் ஸ்டாப்பில் வைத்து மாமா லேபிளைக் காட்டினார். அதில் பரிசோதகர் எண் முப்பத்தொன்று.

"இந்த ஆளப் புடிச்சா எதுக்காக இதை மேல அனுப்பினான்னு தெரியும். காரணம் தெரிஞ்சாத்தான் கமிட்டில அத ஒடைக்க முடியும். யாரு இந்த முப்பத்தொண்ணு, ஒனக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் மாமா. நான்தான்."

மாமா அப்போதுதான் முதல் தடவையாக உட்கார்ந்தார், பஸ் ஸ்டாப் கல்லில்.

நான் விலகியபோது என் நாற்காலியும் பசை டப்பாவும் எண்ணும் யூனிசுக்குப் போயின. யூனிஸ் எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருந்தவள், இருபத்திரண்டு வயது, கணக்காக வேலை செய்கிற பெண். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனோம். எதற்காக வந்தோம் என்று சொல்வதற்கு முன்பே அழுதாள். கடிதத்தைப் படிக்கும்போது எழுத்து பெர்னார்ட் அண்ணனுடையது என்று தெரிந்ததாம். தெரிந்தவர் கடிதம் என்பதற்காக விட்டால் தெரியாதவர் கடிதத்தைப் பிரிக்க நமக்கு என்ன யோக்கியதை என்று நினைத்து மேலே அனுப்பினாளாம்.

மாமா அவளிடம் பதமாகத்தான் கேட்டார்.

"அதில சந்தேகப்பட என்னம்மா இருந்தது? நாலு வரி."

"பதினாலாம் விதி, மாமா."

"அது என்ன?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கோயிலில் ஞானோபதேசம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"மணியும் எண்ணிக்கையும் பக்கத்துல பக்கத்துல வந்து, பொருளோட பேரு வராம இருந்தா, படிக்கறவங்க யோசிக்க வேண்டாம், உடனே மேலே அனுப்பணும்." என்னைப் பார்த்தாள். "நீங்க எழுதி வச்சதுதானே அக்கா. புத்தகத்துல உங்க கையெழுத்துல இருக்குது. எங்க பொண்ணுங்களுக்குள்ள அதுக்கு ஜூடித் விதின்னுதான் பேரு."

எனக்கு அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அச்சடித்துக் கொடுத்த விதிகள் பதின்மூன்று. நான் சேர்ந்த மூன்றாவது மாதம், ராணுவ ரயில்கள் ஜோலார்பேட்டையைத் தாண்டும் நேரங்கள் எழுதிய ஒரு கடிதத்தைக் கவனிக்காமல் ஒட்டி அனுப்பிவிட்டேன். ஆபீசுக்குத் தலைவரான காப்டன் அரை மணி நேரம் கத்தினார். எனக்குப் பிறகு வரும் பெண்ணாவது திட்டு வாங்காமல் இருக்கட்டும் என்று பின் அட்டையில் பதினான்காவதாக ஒன்றை எழுதிவைத்தேன். 'யோசிக்க வேண்டாம்' என்பதை அடிக்கோடிட்டதும் நான்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது, அல்சூர் மார்க்கெட் தாண்டியதும், விதி நல்ல விதிதான் என்றார் மாமா. அவர் என்னை அதைவிட மோசமாகத் திட்டியிருக்க முடியாது.

கமிட்டி என்பது ஒட்டு ஆபீசின் அதே காப்டனும், இரண்டு கனவான்களும். பெர்னார்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான்கு நாளில் கழுத்து மெலிந்திருந்தது, இருமினான். சேஷகிரி சரிகைத் தலைப்பாகையுடன் வந்து, முழுக் கதையையும் நல்ல இங்கிலீஷில், மனைவியின் இட்லிப் பானை உட்பட, சொன்னார். பெர்னார்ட் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கத்தால் அல்ல, சிரிப்பை அடக்க என்று எனக்குத் தெரியும்.

காப்டன் சிரிக்கவில்லை. அனுமதி இல்லாமல் புறா வைத்துக்கொள்ளக் கூடாது என்ற உத்தரவு தெரியுமா என்று கேட்டார். இதுவரை சேதி மட்டும் இருந்தது, அனுப்பும் வழி இல்லாமல் இருந்தது, இப்போது வழியும் கிடைத்திருக்கிறது, ஆளும் இரண்டாகிவிட்டது என்றார். சேஷகிரி மைசூர் ராஜ்யத்துப் பிரஜை என்பதால் அவரைத் தொடுவதற்கு வேறொரு சர்க்காரைக் கேட்க வேண்டும் என்பதையும் வருத்தத்துடன் சொன்னார்.

மாமா எழுந்தார். நின்றால்தானே அவருக்கு யோசனை வரும். இவை சேதி கொண்டுபோகும் ஜாதி இல்லை, மாடிக்கு மேலேயே சுற்றிவிட்டு அங்கேயே இறங்குகிறவை என்றார். காப்டன் நியாயமான மனிதர், அதை நான் எழுதத்தான் வேண்டும். அப்படியானால் சோதித்துப் பார்க்கலாம் என்றார். ஓசூர் ரோட்டில் பன்னிரண்டாவது மைலில் கொண்டுபோய் விடுவது. வழி தெரியாமல் போய்விட்டால் அவை வெறும் அலங்காரப் புறா, அபராதத்தோடு முடித்துவிடலாம். வீடு திரும்பினால் விஷயம் வேறு. மாமா சரியென்றார். நானும் சரியென்றேன். சேஷகிரி மட்டும் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பகல் இரண்டு மணிக்கு எல்லோரும் டென்சில் பேக்கரியின் மொட்டை மாடியில் நின்றோம். பெர்னார்டையும் கொண்டுவந்திருந்தார்கள். கீழே ரொட்டி வேகும் வாசனை. புறாக் கூடையோடு ஜீப் கிளம்பிப் போயிற்று. நான் சேலைத் தலைப்புக்குள் ஜெபமாலையை உருட்டினேன். மாதாவே, ஒன்றுகூட வர வேண்டாம். புறா வைத்திருப்பவர்கள் வீட்டில் அப்படி ஒரு ஜெபம் அதற்கு முன் சொல்லப்பட்டிருக்காது.

இரண்டு ஐம்பதுக்குப் பெர்னார்ட் தென்கிழக்கே பார்த்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் முகத்தில் தெரிந்தது. சேஷகிரியும் பார்த்துவிட்டார். காணாமல் போன எட்டாவது போக மிச்சம் ஏழும் ஒரு கைப்பிடி மணல் எறிந்ததுபோல் வந்து இறங்கின. பன்னிரண்டு மைல், பயிற்சி கிடையாது, ஒன்றுகூடத் தவறவில்லை. சேஷகிரி சந்தோஷத்தை மறைக்க எவ்வளவோ முயன்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சாம்பல்தான் மொதல்ல எறங்கிச்சு, சாமி" என்றான் பெர்னார்ட் அவரிடம், மெதுவாக. நான்கு நாளில் அவன் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

காப்டன் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 2.55 – 7. அவ்வளவுதான். பொருளின் பெயர் எழுதவில்லை.

அதை அவரிடம் சொன்னேன். உங்கள் நோட்டே பதினான்காம் விதியில் மாட்டும் என்றேன். அந்த விதியை எழுதியவள் நான், அன்று ரயிலை மனசில் வைத்து எழுதினேன், உலகத்தில் மணி பார்க்கிற, எண்ணிப் பார்க்கிற எல்லோரையும் பிடித்துவிடும் என்று தெரியாமல் எழுதினேன், தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள் என்றேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், கீழே ரொட்டி தட்டும் சத்தம் நின்றது.

அவர் நோட்டை மூடினார். எழுதியது யார் என்று அந்தப் பெண்கள் தன்னிடம் சொன்னதில்லை என்றார். மிகவும் உபயோகமான விதி, ஜூன் மாதமே மற்ற ஊர்களின் ஆபீசுகளுக்கெல்லாம் நகல் போய்விட்டது, இதுவரை பதினோரு பேர் அதில் கிடைத்திருக்கிறார்கள் என்றார். அந்தப் பதினோரு பேரில் எத்தனை பேர் நிஜமாக உளவாளி என்று கேட்டேன். விசாரணை இல்லாத காவல் என்பதால் அது தெரியவர வழியில்லை என்று பொறுமையாக விளக்கினார். பிறகு, எனக்கு விருப்பமிருந்தால் மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது என்றும் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை.

மாமா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பெர்னார்டைப் படியிறக்கிக் கொண்டுபோனார்கள். போகிறபோது என்னைப் பார்த்து, "ஒன் மேல தப்பு இல்ல, ஜூடி. கூண்டைச் சாத்தச் சொல்லு, பூனை வரும்" என்றான். நான் எழுதியதை அவனிடம் யாரும் அதற்கு முன் சொல்லியிருக்கவில்லை. மாடியில் என் வாயாலேயே கேட்டிருந்தான்.

எந்த ஊர் ஜெயில் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. அவன் முதல் கடிதத்தின் தபால் முத்திரையை வைத்து மாமா கண்டுபிடித்துவிட்டார், ஆனால் போய்ப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. ஜனவரி ஒன்பதாம் தேதி நிமோனியாவில் இறந்துபோனான் என்று தந்தி வந்தது. தந்தி வந்து ஆறு நாள் கழித்து அவன் எழுதிய கடைசிக் கடிதம் வந்தது. நடுவில் எங்கோ தணிக்கைக்காகக் காத்திருந்திருக்கிறது.

ஒரு பக்கக் கடிதம். சாப்பாடு பரவாயில்லை, கம்பளி ஒன்று கேட்டிருக்கிறேன், சேஷகிரி சாமியைக் கேட்டதாகச் சொல். அதற்குக் கீழே இரண்டு வரிகளை மையால் அடித்திருக்கிறார்கள். அதற்கும் கீழே அவன் பெயர். அந்த வேலை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். முன் பக்கம் மட்டும் அடித்தால் பின் பக்கத்தை விளக்கில் பிடித்துப் படித்துவிடலாம், அதனால் நல்ல பரிசோதகர் இரண்டு பக்கமும் அடிப்பார். இதில் இரண்டு பக்கமும் அடித்திருக்கிறது. எழுத்தின் மேல்கொம்புகூட வெளியே தெரியாதபடி, கோட்டுக்குக் கோடு நேராக.

யுத்தம் முடிந்து, ஒட்டு ஆபீஸ் மூடி, அந்தக் கட்டடத்தில் இப்போது ஒரு தையல் பள்ளிக்கூடம் நடக்கிறது. அந்த வரிகளில் மணியும் எண்ணிக்கையும் இருந்தனவா என்று கடிதத்தை விளக்கிலும் வெயிலிலும் பிடித்துப் பார்த்திருக்கிறேன். மற்ற வரிகளின் மை வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. அந்த இரண்டு வரி மட்டும் கறுப்பாகவே இருக்கிறது.